லேப்டாப்ப முறைச்சுக்கிட்டே நிக்காம டிஜே பண்றது எப்படி

கேள்வி இதுதான்: ரெண்டு வருஷமா ரெண்டு சேனல் கன்ட்ரோலர்ல (லேப்டாப்ல ஓடுற டிஜே சாஃப்ட்வேர கையால இயக்குற பெட்டி) ப்ளே பண்றவர், ஃப்ரெண்ட் எடுத்த வீடியோவ பாத்துட்டு நொந்து போயிருக்கார். ஒரு மணி நேர செட்ல முக்காவாசி நேரம் லேப்டாப்புக்குள்ளயே தலைய விட்டுட்டு நிக்கிறாராம். லேப்டாப் இல்லாமலே ஓடுற ஸ்டாண்டலோன் மெஷின் வாங்குனா சரியாகுமா, இல்ல கையால சுத்துற தட்டான ஜாக் வீல்லயே ஸ்க்ரீன் வச்ச கன்ட்ரோலர் போதுமான்னு கேக்குறார்.

மொதல்ல நான் பண்ண முட்டாள்தனத்த சொல்லிடறேன். எனக்கும் இதே மாதிரி ஒரு வீடியோ வந்துச்சு, பரீட்சை பேப்பர் திருத்துற வாத்தியார் மாதிரி நின்னுட்டிருந்தேன். அவமானம் தாங்காம இருந்த கன்ட்ரோலர வித்துட்டு பெரிய டச் ஸ்க்ரீன் இருக்குற ஆல்-இன்-ஒன் ஒண்ணு வாங்கிட்டேன். அடுத்த செட்லயும் ஒருத்தர் வீடியோ எடுத்தார். முன்னாடி நேரா பாத்து முறைச்சவன் இப்ப குனிஞ்சு முறைக்கிறேன், அவ்ளோதான் வித்தியாசம், கழுத்து வலி வேற எக்ஸ்ட்ரா. ஸ்க்ரீன் லேப்டாப்ல இருந்து பெட்டிக்கு எடம் மாறிடுச்சே தவிர நான் அதுகிட்ட கேட்டுட்டிருந்த கேள்வி ஒண்ணும் மாறல.

அதனால வாங்குறத பத்தி அப்புறம் பேசலாம், அந்த வீடியோவ திரும்ப போட்டு ஒரு வேலை பண்ணுங்க. உங்க கண்ணு ஸ்க்ரீனுக்கு போற ஒவ்வொரு தடவையும் பாஸ் பண்ணிட்டு, அந்த நேரத்துல எதுக்காக பாத்தேன்னு ஒரு பேப்பர்ல கோடு போடுங்க. அடுத்த பாட்டு தேடுறதுக்கா, பீட்டு ரெண்டும் ஒட்டி ஓடுதான்னு பாக்கவா, பாட்டு இன்னும் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்கவா, இல்ல எஃபெக்ட் ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு சந்தேகமா? எனக்கு பாதிக்கு மேல கோடு விழுந்தது பாட்டு தேடுற கட்டத்துலதான். அதுக்கு எந்த கம்பெனியும் மருந்து வச்சிருக்கல, எந்த மெஷின் வாங்குனாலும் 4000 பாட்ட ஒரே லிஸ்ட்ல வச்சா ஸ்க்ரால் பண்ணித்தான் ஆகணும்.

பாக்குறதே பாவம்னு சொல்ற பழைய ஆளுங்க பேச்ச ரொம்ப சீரியஸா எடுத்துக்காதீங்க. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வந்தது 1972ல, டிஜேக்கள் கொண்டாடுற எம்கே2 வந்தது 1979ல, அதுல பிச்சுக்கு, அதாவது ஸ்பீட கூட்ட கொறைக்க, நீளமான ஸ்லைடர், ப்ளஸ் மைனஸ் 8 சதவீதம். அதுல ஸ்க்ரீனே கிடையாது, ஆனா அவங்களும் பாத்துட்டுதான் இருந்தாங்க. தட்டோட ஓரத்துல இருக்குற புள்ளிங்க ஸ்ட்ரோப் லைட்ல அசையாம நிக்குதான்னு பாத்து ஸ்பீட சரி பாப்பாங்க, ரெக்கார்ட் லேபிள்ல சின்னதா ஸ்டிக்கர் ஒட்டி ஊசி எங்க இருக்குன்னு கடிகார முள்ள பாக்குற மாதிரி பாப்பாங்க. அத விட சுவாரஸ்யம், ரெக்கார்ட சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தா சத்தம் அடங்குற பகுதில க்ரூவ் கருப்பா வழவழன்னு தெரியும், கிக்கு (பெரிய ட்ரம் அடி) பேஸு எல்லாம் சேந்து அடிக்கிற எடம் கொஞ்சம் வெளுத்து சொரசொரப்பா தெரியும், ப்ரேக்டவுன் (ட்ரம்ஸ் அடங்குற பகுதி) எங்க வருதுன்னு அத வச்சே கண்டுபிடிச்சிருவாங்க. அது வேவ்ஃபார்ம் (ஸ்க்ரீன்ல பாட்டோட சத்தத்த காட்டுற அலைப் படம்) இல்லாம வேற என்ன? ஆனா அந்த ஸ்டிக்கர் ஒரு தகவல் மட்டும் குடுக்கும், ஒரு பார்வைல முடிஞ்சிரும். லேப்டாப் ஒரே நேரத்துல நாப்பது விஷயத்த அசைச்சு காட்டுது, அசையுற பொருள விட்டு கண்ண எடுக்குறது மனுஷனுக்கு கஷ்டம்.

சரி, பாட்டு தேடுறத எடுத்துக்கலாம், உங்களுக்கும் அதுதான் அதிகம் இருக்கும்னு நெனைக்கிறேன். ஒவ்வொரு செட்டுக்கும் தனியா ஒரு க்ரேட் (பாட்டு லிஸ்ட்) போடுங்க, ஒரு மணி நேரத்துக்கு 40 பாட்டு போதும், அதுலயே பாதிதான் ப்ளே பண்ணுவீங்க. அந்த க்ரேட் ஸ்க்ரீன்ல ரெண்டு தடவ ஸ்க்ரால் பண்ணா முடியுற அளவுல இருக்கணும். கமென்ட் எழுதுற கட்டத்துல உங்க சொந்த வார்த்தைய எழுதி வைங்க, ‘மெதுவா ஏறும்’, ‘வோக்கல் ஒடனே வரும் ஜாக்கிரதை’, ‘கூட்டம் காலியா இருந்தா’ இப்படி. நடுராத்திரில பாட்டு பேர் ஞாபகம் வராது, இந்த மாதிரி குறிப்பு சட்டுனு புரியும். கன்ட்ரோலர்ல இருக்குற ப்ரவுஸ் நாப்ப திருப்பி அமுக்கி லோட் பண்ண பழகுங்க, டச்பேட்ல கை வச்சீங்கன்னா ஒடம்பே லேப்டாப் பக்கம் திரும்பிடும், கூட்டத்துக்கு உங்க தோள்பட்டைதான் தெரியும்.

இன்னொரு பழக்கம், இது எனக்கு ரொம்ப உதவுனது. ஒரு பாட்டு உள்ள வந்து பழைய பாட்ட வெளிய எடுத்த அடுத்த நிமிஷமே அடுத்த பாட்ட எடுத்து லோட் பண்ணி ஹெட்ஃபோன்ல ஒரு தடவ கேட்டு ரெடியா வச்சிடுங்க. கூட்டம் வேற பக்கம் போனா மாத்திக்கலாம், தப்பில்ல. ஆனா கைல ஒண்ணு ரெடியா இருந்தா மிச்சம் ரெண்டு மூணு நிமிஷம் தலைய தூக்கி நிம்மதியா நிக்கலாம். கடைசி 40 செகண்ட்ல தேடுறவன்தான் ஸ்க்ரீன முறைக்கிறான்.

அடுத்தது பீட்மேட்ச் (ரெண்டு பாட்டோட பீட்ட ஒட்ட வைக்கிறது), இதுலதான் நெறைய பேர் வேவ்ஃபார்ம்ல மாட்டிக்கிறாங்க. இதுக்கு கண்ணு பழக்கம் மட்டும் காரணம் கிடையாது, காதே சில எடத்துல பொய் சொல்லும். சத்தம் காத்துல செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும், அப்படின்னா 10 மீட்டர் தள்ளி இருக்குற ஸ்பீக்கர்ல இருந்து உங்க காதுக்கு வர கிட்டத்தட்ட 29 மில்லிசெகண்ட் ஆகுது, ஆனா ஹெட்ஃபோன்ல இருக்குற பாட்டு ஒடனே கேக்குது. ஒரு காதுல ரூம், ஒரு காதுல ஹெட்ஃபோன்னு வச்சு ரெண்டையும் ஒட்ட வச்சீங்கன்னா, உங்க காதுக்கு ஒட்டுன மாதிரி இருக்கும், மாஸ்டர்ல (கூட்டத்துக்கு போற சத்தத்துல) அந்த 29 மில்லிசெகண்ட் வெலகித்தான் போகும், கிக்கு ரெண்டும் குதிரை ஓடுற மாதிரி டக்கடக் டக்கடக்னு கேக்கும். அப்ப ‘என் காது சரியில்ல, ஸ்க்ரீன்தான் கடவுள்’னு முடிவு பண்ணி ஆயுசுக்கும் வேவ்ஃபார்ம பாக்க ஆரம்பிச்சிருவோம். தீர்வு சுலபம், பக்கத்துல பூத் மானிட்டர் (டிஜேக்குன்னு வைக்கிற ஸ்பீக்கர்) இருந்தா அத காதுக்கு நேரா வச்சுக்கங்க, இல்லேன்னா க்யூ-மாஸ்டர் நாப்ப நடுவுல வச்சு ரெண்டு பாட்டையும் ஹெட்ஃபோனுக்குள்ளயே கேளுங்க. ரெண்டும் ஒரே எடத்துல இருந்து வந்தா காது தப்பே பண்ணாது.

எந்த பாட்டு முன்னாடி ஓடுதுன்னு தெரியலன்னா கவலப்படாதீங்க, அது பல வருஷம் பண்றவங்களுக்கே சில நேரம் தெரியாது. ஜாக்க லேசா ஒரு பக்கம் தள்ளுங்க, மோசமாச்சுன்னா அடுத்த பக்கம் தள்ளுங்க. இதுக்கு ஸ்க்ரீன் எதுக்கு?

ரெண்டு பாட்டோட பீட்டையும் சாஃப்ட்வேரே ஒட்ட வைக்கிற சிங்க் பட்டன பத்தி கேப்பீங்க. எனக்கு சிங்க் மேல ஒரு கோவமும் இல்ல, கண்ண விடுவிக்கிற விஷயம் எதுவா இருந்தாலும் நான் ஆதரவு. ஆனா பீட்கிரிட் (பீட் எங்கெங்க விழுதுன்னு சாஃப்ட்வேர் போடுற கோடுங்க) சரியா இருந்தாதான் சிங்க் வேலை செய்யும், ஆளு உக்காந்து ட்ரம்ஸ் வாசிச்ச பழைய பாட்டுல டெம்போ ஏறி எறங்கும், அதுல சாஃப்ட்வேர் போட்ட நேர்க்கோடு கிரிட் ஒரு நிமிஷத்துல வெலகிடும். சிங்க் போட்டுட்டு ‘ஒட்டியிருக்கா ஒட்டியிருக்கா’ன்னு ஸ்க்ரீன பாக்குறதுக்கு காதால ஒட்டுறதே மேல். வீட்ல க்ரேட் போடும்போதே ஒவ்வொரு பாட்டோட ஆரம்பம், நடு, கடைசி மூணு எடத்துலயும் கிரிட் கிக்கு மேல உக்காந்திருக்கான்னு பாத்துடுங்க, ஒத்து வராத பாட்டுக்கு கமென்ட்ல ‘கைல ஒட்டு’ன்னு எழுதி வைங்க.

இங்க ஹார்ட்வேர் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா சில பழைய மெஷின்ல காதால ஒட்டவே முடியாது, அது உங்க தப்பில்ல. 1983ல வந்த மிடி (மியூசிக் கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற மொழி) ஸ்டாண்டர்ட்ல ஒரு நாப்போ ஃபேடரோ அனுப்புற சாதாரண மெசேஜ் 0ல இருந்து 127 வரைக்கும்தான், மொத்தம் 128 படி. வால்யூமுக்கு அது தாராளம். பிச் ஃபேடருக்கு கணக்கு போட்டு பாருங்க, ப்ளஸ் மைனஸ் 8ன்னா மொத்தம் 16 சதவீதம், அத 127 துண்டா வெட்டுனா ஒரு படிக்கு 0.126 சதவீதம், 128 பிபிஎம் (நிமிஷத்துக்கு 128 பீட்) பாட்டுல அது 0.16 பிபிஎம். உங்களுக்கு வேணும்ங்கிற ஸ்பீட் ரெண்டு படிக்கு நடுவுல மாட்டுச்சுன்னா எவ்ளோ கவனமா வச்சாலும் ஒரு நிமிஷத்துல 38 மில்லிசெகண்ட் வரைக்கும் வெலகும், நீங்க ஜாக்க தள்ளிக்கிட்டே இருக்கணும். இப்ப வர்ற பெரும்பாலான டிஜே கன்ட்ரோலர்ல பிச்சுக்கு மட்டும் ரெண்டு மெசேஜ சேத்து 14 பிட்ல அனுப்புவாங்க, 16,384 படி கெடைக்கும், பிரச்சனை போச்சு. உங்க கன்ட்ரோலர்ல ஃபேடர மயிரிழை நகத்தும்போது ஸ்க்ரீன்ல பிபிஎம் 0.01 கணக்குல மாறுதா, இல்ல 0.1, 0.2ன்னு தாவுதான்னு பாருங்க. தாவுச்சுன்னா மொதல்ல பிச் ரேஞ்ச சின்னதாக்கி பாருங்க, அப்பவும் தாவுனா கன்ட்ரோலர மாத்துறதுக்கு ஒரு நியாயமான காரணம் கெடைச்சிருச்சு.

பாட்டு எவ்ளோ மிச்சம் இருக்குங்கிற கேள்விக்கு எண்ணிக்கைதான் பதில். நடன இசைல பெரும்பாலும் 32 பீட்டுக்கு ஒரு தடவ ஏதாவது மாறும், 128 பிபிஎம்ல 32 பீட்டுன்னா சரியா 15 செகண்ட். இத கொஞ்ச நாள் எண்ணுனா அப்புறம் எண்ணவே வேணாம், ஒடம்புக்கே தெரியும். அதோட ஹாட் க்யூவ (பேட் பட்டன அமுக்குனா பாட்டுல குறிச்சு வச்ச எடத்துக்கு தாவுறது) எல்லா பாட்டுலயும் ஒரே அர்த்தத்துல வைங்க. நான் மொதல் பேட்ல மொத பீட், ரெண்டாவதுல பேஸ் உள்ள வர்ற எடம், மூணாவதுல ப்ரேக்டவுன், நாலாவதுல வெளிய போக ஆரம்பிக்கிற எடம்னு வச்சிருக்கேன், கலரும் அதே மாதிரி. எந்த பாட்ட லோட் பண்ணாலும் பேட் லைட்ட பாத்தாலே எது எங்கன்னு தெரியும், ஸ்க்ரீன்ல பேர் படிக்க வேணாம். ரெக்கார்ட்பாக்ஸ் சாஃப்ட்வேர்ல ஆக்டிவ் லூப்னு ஒண்ணு இருக்கு, பாட்டோட கடைசில ஒரு லூப்ப சேவ் பண்ணி அத ஆக்டிவ்னு வச்சுட்டா பாட்டு அந்த எடத்துக்கு வந்ததும் தானா சுத்த ஆரம்பிச்சிரும். அவசரத்துக்கு இத விட நல்ல பாதுகாப்பு கெடையாது, மூணு நிமிஷம் யார்கூடயாவது பேசிட்டு திரும்புனாலும் பாட்டு நின்னிருக்காது. இலவசமா கெடைக்கிற மிக்ஸ்க்ஸ் சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்க, பாட்டு முடியப்போகுதுங்கிற சிக்னல கன்ட்ரோலர்ல ஏதாவது ஒரு லைட்டுக்கு மேப் பண்ணிக்கலாம், மேப்பிங் ஃபைல கொஞ்சம் நோண்டணும், அவ்ளோதான்.

இனி நாலாவது, ஃபேடர் நாப் எல்லாம் எந்த நிலைல இருக்குங்கிற சந்தேகம். இது கன்ட்ரோலர்காரங்களுக்கே உரிய வியாதி. கைல இருக்குற நாப் ஒரு எடத்துல இருக்கும், சாஃப்ட்வேர்ல இருக்குற மதிப்பு வேற எடத்துல இருக்கும், லேயர் (அதே நாப்புக்கு வேற வேலை) மாத்துனாலோ மவுஸால தொட்டாலோ இப்படி ஆகும், அடுத்த தடவ திருப்புனா சத்தம் டபார்னு குதிக்கும். ட்ராக்டர், மிக்ஸ்க்ஸ் ரெண்டு சாஃப்ட்வேர்லயும் சாஃப்ட் டேக்ஓவர்னு ஒரு செட்டிங் இருக்கு, நாப் பழைய மதிப்ப தொடுற வரைக்கும் சாஃப்ட்வேர் அசையாது. குதிக்கிறது நிக்கும், ஆனா ‘திருப்புறேன், ஏன் ஒண்ணும் ஆகல’ன்னு திரும்ப ஸ்க்ரீன பாப்பீங்க. ஒழுங்கான தீர்வு முடிவில்லாம சுத்துற என்கோடரும் அத சுத்தி எல்இடி வளையமும்தான், மிடி ஃபைட்டர் ட்விஸ்டர் மாதிரி சின்ன பெட்டில 16 என்கோடர் இருக்கு, மதிப்பு எங்க இருக்கோ வளையம் அத அங்கயே காட்டும். எஃபெக்ட் நெறைய பயன்படுத்துறவங்களுக்கு புது கன்ட்ரோலர விட இந்த மாதிரி கூட வைக்கிற பெட்டிதான் பிரயோஜனம். நீங்க ஃபில்டர், எக்கோ ரெண்டோட நிறுத்திக்கிறவர்னா அதுவும் வேணாம்.

காசே இல்லாம ஒண்ணு பண்ணலாம். கம்ப்யூட்டர் கீபோர்ட்ல எஃப், ஜே ரெண்டு கீ மேல சின்னதா ஒரு மேடு இருக்குமே, அத வச்சுதான் பாக்காம டைப் பண்றாங்க. அதே மாதிரி நீங்க அடிக்கடி தேடுற பட்டன்ல ஒரு துளி க்ளூவோ குட்டி டேப் துண்டோ ஒட்டிடுங்க. நான் லூப் பட்டன்லயும் நாலாவது பேட்லயும் ஒட்டியிருக்கேன், பாக்க அசிங்கமாத்தான் இருக்கு, இருட்டுல யாரு பாக்குறா.

இப்ப நீங்க கேட்ட ஹார்ட்வேர். ஜாக்குக்கு நடுவுல ஸ்க்ரீன் வைக்கிற யோசனை புதுசு இல்ல, 2001ல வந்த சிடிஜே-1000ங்கிற ப்ளேயர்லயே ஜாக் நடுவுல பாட்டு எங்க ஓடுதுன்னு காட்டுற வட்டம் இருந்துச்சு, ரெக்கார்ட்ல ஒட்டுற ஸ்டிக்கரோட வேலைதான் அது. 2018ல வந்த டிடிஜே-1000 கன்ட்ரோலர்ல அது கலர் ஸ்க்ரீனாவே ஆயிடுச்சு, பிபிஎம், மிச்ச நேரம், வேவ்ஃபார்ம் எல்லாம் கைக்கு கீழயே. அதே வருஷம் வந்த ட்ராக்டர் கன்ட்ரோல் எஸ்4 எம்கே3 வேற வழில போச்சு, ஜாக்குக்குள்ள மோட்டார், பாட்ட நகத்தும்போது க்யூ பாயின்ட்ட தாண்டுனா விரலுக்கு டிக்னு ஒரு தட்டல் தெரியும். கண்ணுக்கு பதில் விரலுக்கு தகவல் குடுக்குற இந்த யோசனைதான் எனக்கு புடிச்சது, ஏன் மத்தவங்க இத பெருசா எடுத்துக்கலன்னு இன்னும் புரியல. ரேன் ஒன் மாதிரி சுத்துற தட்டு இருக்குற கன்ட்ரோலர் ஸ்க்ராட்ச் பண்றவங்களுக்கு சொர்க்கம், நீங்க நீளமா மிக்ஸ் பண்றவர்னா அந்த தட்டு உங்களுக்கு வெறும் வெயிட்டுதான்.

ஸ்டாண்டலோன்னா எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3, டெனான் பிரைம் 4 ரெண்டுலயும் 10.1 இன்ச் டச் ஸ்க்ரீன். சின்னதா வேணும்னா பேட்டரியோட வர்ற பிரைம் கோ. இதுங்க உண்மையிலயே குடுக்குற நிம்மதி என்னன்னா ட்ரைவர், அப்டேட், நோட்டிஃபிகேஷன்னு எதுவும் நடுவுல வராது, ஆன் பண்ணா ஓடும், அதோட எக்ஸ்டிஜேல பழகுனா கிளப்ல இருக்குற சிடிஜே அந்நியமா இருக்காது. கிளப்ல ப்ளே பண்ற எண்ணம் இருந்தா இதுக்காகவே வாங்கலாம், தப்பே இல்ல. ஆனா வீட்ல லேப்டாப்ல உக்காந்து பாட்ட அனலைஸ் பண்ணி, க்யூ வச்சு, யூஎஸ்பில ஏத்துற வேலை பெருசா கொறையாது. யூஎஸ்பி ரெண்டு வச்சுக்கங்க, ரெண்டுலயும் அதே பாட்டு. சிடிஜே பக்கம் போறதுன்னா ஃபேட்32ல ஃபார்மட் பண்ணுங்க, வேற சில ஃபார்மட்ல இருந்தா பழைய மாடல்ங்க கண்டுக்கவே கண்டுக்காது.

இப்போதைக்கு கைல இருக்குற கன்ட்ரோலர வச்சே ஒரு மாசம் இத பண்ணி பாருங்க. நல்லா தெரிஞ்ச பத்து பாட்ட எடுத்துக்கங்க, லோட் பண்ற வரைக்கும் ஸ்க்ரீன பாருங்க, லோட் ஆனதும் ஒரு துண்ட எடுத்து லேப்டாப் மேல போத்திடுங்க, மிக்ஸ் முடிஞ்சு அடுத்த பாட்டு தேடும்போதுதான் எடுக்கணும். மொத ரெண்டு நாள் கேவலமா இருக்கும், ரெக்கார்ட் பண்ணி கேட்டா அழுகை வரும். நாலஞ்சு நாள்ல காது முழிச்சுக்கும். வெளிய ப்ளே பண்ணும்போது லேப்டாப்ப உங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவுல வைக்காதீங்க, கன்ட்ரோலருக்கு பக்கவாட்டுல கொஞ்சம் தாழ்வா வைங்க, பாக்கணும்னா கழுத்த திருப்பணும்ங்கிற நிலைமை வந்தா பாதி தடவ பாக்கவே மாட்டீங்க. ப்ரைட்னஸ பாதிக்கு கொறைங்க, ஸ்லீப் ஆகுறத ஆஃப் பண்ணுங்க, யூஎஸ்பி போர்ட்டுக்கு பவர் சேவிங் இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க.

கடைசியா ஒண்ணு. துண்டு போட்டு பழகி, லேப்டாப்ப பக்கவாட்டுல வச்சு, தலைய தூக்கி, சிரிச்சு, கைய ஆட்டி, முழு ஹீரோவா ஒரு செட் பண்ணிட்டிருந்தேன், 50வது நிமிஷத்துல சத்தம் அப்படியே நின்னு போச்சு. சார்ஜர் வயர் எப்பவோ யாரோ கால் பட்டு கழண்டிருக்கு, பேட்டரி தீந்து லேப்டாப் படுத்துருச்சு, ஸ்க்ரீன்ல எத்தன தடவ வார்னிங் காட்டுச்சோ தெரியாது, நான்தான் பெருமையா பாக்காம நின்னுட்டிருந்தேனே. இப்ப சார்ஜர் வயர டேபிள் காலோட டேப் போட்டு சுத்திடறேன், பாட்டு லோட் பண்ணும்போதெல்லாம் மூலைல இருக்குற பேட்டரி படத்த ஒரு தடவ பாத்துக்கறேன், அதுக்கு ஒரு செகண்ட் கூட ஆகாது.